டிராக்கன்ஸ்பர்க் புல்வெளிகளைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழர்களான நம்மவர்கள் கேமராவோடு பெர்க் மலைக்குப் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பெர்க் என்று நாம் சுருக்கிச் சொல்வது குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கும் லெசோத்தோ நாட்டுக்கும் நடுவே நிற்கும் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரை. போவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளும், போய்வந்து படங்களைப் பார்த்து மனம் சோர்ந்து கேட்கப்படும் கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை.

பெர்க்கில் முதலில் எதைப் படமெடுப்பது?

புல்லை. இப்படிச் சொன்னால் பலருக்கு ஆச்சரியம். மலை என்றால் சிகரம்தானே என்று கேட்பார்கள்.

இங்கே மலை இரண்டு தட்டாக அமைந்திருக்கிறது. மேல்தட்டு, கரும்பழுப்பு நிறப் பசால்ட் பாறைச் சுவர். அதன் தலை 3,000 மீட்டரைத் தாண்டுகிறது: மஃபாடி 3,450 மீட்டர், சாம்பெயின் காசில் 3,377, ஜயன்ட்ஸ் காசில் 3,315. அந்தச் சுவரின் காலடியில், வெளிர்நிற மணற்பாறையின் மேல் பரந்து கிடக்கும் மேட்டுநிலத்தை லிட்டில் பெர்க் என்பார்கள். அது ஏறத்தாழ 1,800 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால உறைபனியும் அடிக்கடி வரும் தீயும் சேர்ந்து மரங்களைப் பள்ளத்தாக்குகளுக்குள் ஒதுக்கிவிட்டதால், மேட்டில் கண்ணுக்கு எட்டியவரை புல்தான்.

பெரும்பாலானோர் வண்டியை நிறுத்தி, ஜூம் செய்து, சிகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் படம் ஜனவரியில் எடுத்ததா ஜூலையில் எடுத்ததா என்று பிறகு பார்த்தால் தெரியாது. பாறை மாறுவதில்லை. புல் வாரத்துக்கு வாரம் மாறுகிறது, காற்று அடித்தால் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. கேமராவை இடுப்பளவுக்கு இறக்கிப் பாருங்கள். கீழே பெரும்பகுதி புல், மேலே ஒரு கீற்று மலை, அதற்கு மேல் வானம் என்று வைத்தாலே அன்றைய பருவமும் அன்றைய நேரமும் படத்துக்குள் வந்துவிடும்.

எந்த மாதம் போனால் நல்லது?

எல்லா மாதமும் நல்லதுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் கிடைப்பது வேறு. நம் கோயில் காலண்டரை வைத்தே சொல்கிறேன், நமக்கு அது எளிது. ஊரில் இருந்து வரும் சொந்தக்காரர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மாதங்கள் அதேதான், பருவம் தலைகீழ்.

தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரியில் பெர்க் முழுப் பச்சை. காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி மழை என்பது கிட்டத்தட்ட அன்றாட ஒழுங்கு. நம் வீட்டுத் தோட்டங்களில் வளரும் ஆகபாந்தஸ், அங்கே பாறை இடுக்குகளில் தானாகவே நீலமாகப் பூத்து நிற்கும். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் படத்தில் வருவது கடினம். எல்லாம் ஒரே பச்சையாகத் தட்டையாகிவிடும். மேகநிழல் ஓடும் நாளாகப் பார்த்து, ஒரு மேடு வெளிச்சத்திலும் அடுத்த மேடு நிழலிலும் இருக்கும் நொடிக்குக் காத்திருந்தால்தான் மேடும் பள்ளமும் தெரியும்.

பங்குனி, சித்திரை. என்னைக் கேட்டால் ஆண்டின் சிறந்த பருவம் இதுதான். மழை குறைந்து, வானம் கழுவிவிட்டது போல இருக்கும். ரூய்கிராஸ் என்ற புல், இந்த மேட்டுநிலங்களின் முக்கியப் புல்வகைகளில் ஒன்று, பச்சையிலிருந்து செம்பழுப்புக்கும் பொன்னிறத்துக்கும் மாறும். ஒரே சரிவில் மூன்று நான்கு நிறம் கிடைக்கும். சித்ரா பௌர்ணமியை ஒட்டி விடுமுறை வாய்த்தால் விடாதீர்கள்.

ஆனி, ஆடி என்றால் கடுங்குளிர். புல் வெளிர் வைக்கோல் நிறம். விடியற்காலையில் ஒவ்வொரு புல்தாளிலும் உறைபனி படிந்து, சூரியன் பட்டதும் சில நிமிடங்களில் கரைந்துவிடும். இந்தப் பருவத்துக்குப் பெரிய வரம் ஒன்று உண்டு. ஜூன் நடுவில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 37 பாகைக்குச் சற்று மேலேதான் நிற்கும். எனவே பகல் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம். டிசம்பரில் அதே நண்பகலில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே, 84 பாகையில் இருக்கும். கோடையில் பத்து மணிக்கு மேல் எடுத்த படமெல்லாம் உயிரில்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஆவணி, புரட்டாசியில் வறண்ட காற்று, புகைமூட்டம், எரிந்த கருநிலம், அதிலிருந்து எட்டிப்பார்க்கும் முதல் பச்சை. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலத் தொடக்கம். புரோட்டியா புதர்கள் பூக்கும், இடிமேகங்கள் பெரிதாகும். பள்ளி விடுமுறையும் சேர்வதால் டிசம்பர் கடைசியில் கூட்டம் அதிகம்.

மதியம் எடுத்த படங்களில் மலை மட்டும் கருப்பாக, தட்டையாக வருகிறது. கேமரா கோளாறா?

இல்லை, திசைதான் காரணம். நம் பக்கத்துப் பாறைச் சுவர் பெரும்பாலும் கிழக்கு பார்த்தது. அதனால் சூரியன் உதித்ததும் முதல் வெளிச்சம் நேராகச் சுவரின் முகத்தில் விழும். அந்தச் சில நிமிடங்களில் பாறை செம்பாகிவிடும். மதியத்துக்கு மேல் சூரியன் சுவருக்குப் பின்னால் போய்விடுகிறது, முகம் நிழலில் விழுகிறது. டர்பனில் காலை உணவு முடித்துக் கிளம்பி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, மூன்று மணிக்கு எடுத்தால் அப்படித்தான் வரும்.

ஆனால் மதியமும் வீண் இல்லை. அப்போது மலையை விட்டுவிட்டுப் புல்லைப் பாருங்கள். சூரியனை எதிரே வைத்துத் தாழ்வாக உட்கார்ந்தால், ஒவ்வொரு கதிரும் விளிம்பில் ஒளிரும், பின்னால் நிழலான சுவர் கருந்திரையாக நிற்கும். காலையில் எவ்வளவு முயன்றாலும் இது கிடைக்காது. லென்ஸில் வெயில் நேரே விழாமல் தொப்பியாலோ கையாலோ மறைத்துக்கொள்ளுங்கள். நேரத்திலும் கவனம் தேவை: சூரியன் சுவருக்குப் பின்னால் இறங்கிவிடுவதால், போனில் காட்டும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே வெளிச்சம் போய்விடும்.

இன்னொன்று. நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறோம், நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். வட அரைக்கோளத்தில் இருந்து எழுதும் பாடங்களில் ‘தெற்கு பார்த்த சரிவு’ என்று வந்தால், இங்கே வடக்கு என்று மாற்றிப் படிக்க வேண்டும். நம் மலையில் தெற்குச் சரிவுகள்தான் குளிர்ந்தவை, உறைபனி நீடிப்பவை.

டர்பனிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும். என்3 நெடுஞ்சாலையில் நாட்டிங்ஹாம் ரோடு வரை போய் அங்கிருந்து பிரிந்தால், ஹைமூர் புல்மேடு சுமார் 200 கிலோமீட்டர். கடைசிப் பகுதி மண் சாலை. ஆனால் விடியல் வெளிச்சம் வேண்டுமென்றால், ஜூனில் ஏழு மணிக்குச் சற்று முன்பும் டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலும் சூரியன் வந்துவிடும். பூங்கா வாசல் திறக்கும் நேரமும் இருக்கிறது. அதனால் ஒரு இரவு தங்குவதுதான் சரி. இருட்டில் அந்தச் சாலைகளில் மாடுகள் நிற்கும், மூடுபனி இருக்கும். விடியலுக்காக அவசர அவசரமாக ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

போய்ச் சேர்ந்தால் ஒரே மூடுபனி. திரும்பிவிடலாமா?

தயவுசெய்து திரும்பாதீர்கள்.

முதலில் அது எப்படி வருகிறது என்று பார்ப்போம். குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்துபோன பிறகு இந்துமாக்கடலில் இருந்து ஈரக்காற்று உள்நாட்டுக்கு வீசும். மலைச்சரிவில் மேலே தள்ளப்பட்டுக் குளிர்ந்து, லிட்டில் பெர்க் மேல் மேகமாக உட்கார்ந்துவிடும். அதாவது நீங்கள் நிற்பது மேகத்துக்குள். அந்த அடுக்கு பல சமயம் மெல்லியதுதான். சுவரின் உச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அங்கே நிற்பவருக்குக் கீழே மேகக்கடல் தெரியும். காலை வெயில் ஏற ஏறப் பனி கலைந்து, நடுவே சுவரின் ஒரு துண்டு மட்டும் மிதப்பது போலத் தெரியும் தருணம் வரலாம். அது அரை நிமிடம்கூட நிற்காது. டிரைபாடில் கேமராவைப் பொருத்தி, ஃபோகஸ் வைத்து, தயாராக இருப்பவருக்கு அது கிடைக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் எடுக்க நிறைய இருக்கிறது. பின்னணி மறைந்துவிடுவதால் ஒற்றைப் பாறை, ஒற்றைப் புரோட்டியா மரம், நீர்த்துளி கோர்த்த சிலந்திவலை எல்லாம் தனியாக எழுந்து நிற்கும். வெயில் நாளில் இவற்றைப் பிரித்து எடுக்கவே முடியாது.

செட்டிங் பற்றி: மூடுபனியைக் கேமரா ‘வெளிச்சம் அதிகம்’ என்று எடுத்துக்கொண்டு படத்தை மங்கிய சாம்பலாக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் அரை முதல் ஒன்று வரை கூட்டுங்கள். ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால், பக்கத்தில் உள்ள ஒரு பாறை விளிம்பில் பூட்டிக்கொண்டு, இல்லையென்றால் கையாலேயே திருப்பிக்கொண்டு எடுக்கலாம். படத்தைக் கணினியில் போட்டதும் மூடுபனியை நீக்கும் டீஹேஸ் பட்டனை அழுத்த வேண்டாம். அந்தப் பனிதான் படம்.

பாதுகாப்பும் முக்கியம். வண்டியிலிருந்து நூறு மீட்டர் நடந்தாலே திசை குழம்பிவிடும். நடைபாதையை விட்டு விலகாதீர்கள். போனில் சிக்னல் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம்.

இடி மழையில் படமெடுப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். திறந்த புல்மேட்டில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் டிரைபாடும் மட்டுமே. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச்சத்தம் வர மூன்று நொடி ஆனால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில். முப்பது நொடிக்குள் சத்தம் வந்துவிட்டால் வண்டிக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. மேடுகளிலும் தனி மரத்தடியிலும் நிற்கவே கூடாது. கோடையில் மலை ஏறுபவர்கள் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுவது இதனால்தான்.

வண்டிக்குள் இருந்தபடியே நல்ல படம் எடுக்கலாம். இருட்டத் தொடங்கியதும் கேமராவை டேஷ்போர்டில் ஒரு துணிப்பை மேல் வைத்து, ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்8, பத்து முதல் இருபது நொடி ஷட்டர் என்று தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் மின்னல் தானாக வந்து பதியும்.

மழைக்கு முந்தைய கால் மணி நேரமும் மழை நின்ற முதல் கால் மணி நேரமும் பெர்க்கின் உச்சக்கட்டம். மேகம் ஊதாக் கருப்பாக இருக்கும், அதன் அடியில் எங்கிருந்தோ ஒரு வெயில் கீற்று நுழைந்து புல்லை மட்டும் கொளுத்தும். மழை விட்டதும் எல்லோரும் மலையைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம். மாலைச் சூரியன் மேற்கே, சுவரின் பக்கம் இருப்பதால், வானவில் கிழக்கே, நாம் வந்த பள்ளத்தாக்கின் மேல்தான் எழும். சுவரின் மேல் வானவில் வேண்டுமென்றால் காலை மழை வேண்டும், அது அபூர்வம். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் சமநிலத்தில் நிற்பவருக்கு வானவில்லே தெரியாது, ஆகவே கோடை நண்பகலில் தேடிப் பயனில்லை. பளபளப்பை வடிகட்டும் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் வானவில் காணாமல் போகும், இன்னொரு கோணத்தில் அடர்த்தியாகும்.

எரிந்து கருத்த மலையில் எடுக்க என்ன இருக்கிறது?

நிறைய. புரட்டாசி விரதம் இருக்கும் மாதத்தில் போனவர்கள் ‘மலையே பாழாகிவிட்டது’ என்று வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பாழாகவில்லை. இந்தப் புல்வெளி தீயோடு சேர்ந்தே உருவானது. புல்லின் குருத்து தரைமட்டத்திலும் மண்ணுக்கடியிலும் இருப்பதால் மேலே எரிந்தாலும் அது பிழைக்கும். எரியாமல் பல ஆண்டு விட்டால்தான் பழைய புல் மண்டி அடிப்பகுதி மூச்சுத் திணறும், புதர் ஏறும். அதனால் பூங்கா ஊழியர்களே திட்டமிட்டுப் பகுதி பகுதியாக எரிப்பார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் தீத்தடுப்புக் கோடுகளும் எரிப்பார்கள். பச்சை, வைக்கோல், கருப்பு என்று மலைச்சரிவில் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான். எதிர்ச் சரிவில் இருந்து, தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸில் அந்தப் பட்டைகளை எடுத்தால் வரைந்த ஓவியம் போல இருக்கும்.

எரிந்த நிலத்தில் சில வாரங்களில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஃபயர் லில்லி என்ற சிவப்புப் பூ, இலைகூட விடாமல், சாம்பலில் இருந்து நேராகப் பூத்து எழும். தீ வந்துபோனதற்கு அந்த நிலம் தரும் பதில் அந்தப் பூ. கருப்பு மண், ஒரே ஒரு சிவப்பு, பின்னால் வெளிர் நீல மலை என்று இந்த நாட்டில் இதைவிட அழகான காட்சிச் சட்டகம் அதிகம் பார்த்ததில்லை. கருநிலத்தைக் கேமரா ‘இருட்டு’ என்று நினைத்து வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷரை மைனஸ் ஒன்று அளவுக்குக் குறைத்தால்தான் கருப்பு கருப்பாக இருக்கும்.

தீ எரிந்துகொண்டிருக்கும்போது நெருங்கிப் போய்ப் படமெடுக்க முயலாதீர்கள். பெர்க் காற்று அடிக்கும் நாளில் தீ மனிதன் ஓடும் வேகத்தை மிஞ்சும்.

பெர்க் காற்று என்பது என்ன? டர்பனில் குளிர்காலத்தில் திடீரென்று வெக்கை அடிப்பதும் அதுதானா?

அதேதான். உள்நாட்டு மேட்டுநிலத்தில் இருந்து காற்று கடலை நோக்கி இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகிறது. குளிர்முகம் வருவதற்கு முன் இது வீசும். ஜூலையில் ஒருநாள் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் சட்டை வியர்வையில் நனைந்தால், ஓரிரு நாளில் குளிர் வரும் வாய்ப்பு அதிகம், பெர்க்கில் பனி விழவும் கூடும். படமெடுப்பவருக்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடையாது. அத்துடன் தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

காற்று நாளில் தூசும் புகையும் சேர்ந்து தூரத்து மலைகள் மங்கலாகும். அடுக்கடுக்கான மலைமுகடுகளை டெலி லென்ஸில் எடுக்க அது நல்ல நாள்.

வெண்பனி விழுந்த செய்தி கேட்டதும் கிளம்பலாமா?

சாலை திறந்திருக்கிறதா என்று தெரிந்த பிறகு. 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில், புரட்டாசி பிறந்த முதல் வாரத்திலேயே, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய், ஹாரிஸ்மித் பக்கம் பனி கொட்டிச் சாலை மூடப்பட்டது. வண்டிகள் இரவெல்லாம் நடுவழியில் சிக்கிக்கொண்டன. போர்வை, தண்ணீர், சாப்பாடு, நிறைந்த டேங்க் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படத்துக்கு: பிளஸ் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள், ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் பதிவில்) எடுத்தால் நிழல்பகுதியின் நீலத்தைப் பிறகு அளவாகக் குறைக்கலாம். முழுக்கப் போக்கிவிடாதீர்கள், நிழலில் பனி நீலமாகத்தான் இருக்கும். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

போன் போதுமா, பெரிய கேமரா வாங்க வேண்டுமா?

போன் போதும், தொடங்குவதற்கு. விடியல் வெளிச்சத்தில் நிற்கும் போன், உச்சி வெயிலில் வரும் விலையுயர்ந்த கேமராவை வென்றுவிடும். ஒரே எச்சரிக்கை: போன்கள் பச்சையையும் வானத்தையும் மிகைப்படுத்தும், சித்திரை மாதத்துச் செம்பழுப்பைப் பச்சையாக்கிவிடும். ரா வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்குப் புதிய லென்ஸைவிட ஒரு கனமான டிரைபாட் பயன்படும். பெர்க்கில் காற்று ஓயாது. கால்களை விரித்துத் தாழ்வாக நிறுத்தி, நடுக்கம்பியில் பையைத் தொங்கவிடுங்கள். பை ஆடாதபடி தரையைத் தொட வேண்டும். புல் அசையாமல் வேண்டுமென்றால் ஷட்டர் 1/250 அல்லது அதைவிட வேகம். எனக்குப் பிடித்தது மறுபக்கம்: கால் நொடி முதல் ஒரு நொடி வரை திறந்து, பாறை கூர்மையாக நிற்கப் புல் மட்டும் அலையாக ஓடுவது. காற்றைப் படமெடுக்க வேறு வழி இல்லை.

போலரைசர் ஈரப்புல்லின் பளபளப்பைக் குறைத்து நிறத்தை வெளியே கொண்டுவரும். ஆனால் வைட் ஆங்கிள் லென்ஸில் மாட்டினால் நீலவானம் ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் வரும்.

அப்புறம் முழுக்கால் சட்டை, கணுக்கால் மூடும் காலணி. கோடைப் புல்லில் உண்ணி உண்டு, அது கடித்தால் காய்ச்சல் வரலாம். விரியன் பாம்புகளும் வெயில் காயும். தாழ்வாக உட்காருவதற்கு முன் தரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரங்களைப் புல்வெளியோடு எடுக்க எப்போது போவது?

நம் அட்சரேகை ஏறத்தாழ தெற்கு 29 பாகை. பால்வழியின் மையப்பகுதியும் வானத்தில் அதே தெற்கு 29 பாகையில்தான் இருக்கிறது. அதனால் ஜூன் நடு வாரங்களில் நள்ளிரவில் அது சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். பார்க்க அற்புதம், ஆனால் புல்லையும் அதையும் ஒரே படத்தில் அடக்குவது கடினம். சுவரின் மேல் பால்வழி இறங்கி நிற்க வேண்டுமென்றால் செப்டம்பர் நடுவில் அமாவாசையை ஒட்டிப் போய், இரவு பத்து பதினொரு மணிக்கு மேற்கே பாருங்கள். 20 மி.மீ. லென்ஸில் இருபது நொடிக்கு மேல் திறந்தால் நட்சத்திரம் கோடாகத் தொடங்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, சின்னப் பிள்ளைகளும் உண்டு. அதிகம் நடக்காமல் எங்கே எடுக்கலாம்?

ஹைமூரில் வண்டியே புல்மேட்டு உயரம் வரை ஏறிவிடும், இறங்கியதும் திறந்த வெளி. ராயல் நட்டால் பூங்காவில் ஆம்ஃபிதியேட்டர் என்ற சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளப் பாறைச் சுவர் சாலையிலிருந்தே தெரியும். ஃப்ரீ ஸ்டேட் பக்கம் கோல்டன் கேட் பூங்காவில் மணற்பாறையும் புல்லும் சாலையோரமே. சித்திரையில் அது பொன்னாக இருக்கும்.

சானி கணவாய் ஏறலாமா?

2,876 மீட்டர் உயரம், நான்கு சக்கர இழுவை வண்டி கட்டாயம், பாஸ்போர்ட்டும் வேண்டும், ஏனென்றால் உச்சியில் லெசோத்தோ தொடங்குகிறது. எல்லைச் சாவடி இரவில் மூடிவிடும், விடியலும் அந்தியும் எடுக்க மேலேயே தங்க வேண்டும். அங்கே புல் கட்டையாகி, எரிக்கா போன்ற குட்டைப் புதர்களும் சதுப்பும் கலந்த வேறு நிலம். கம்பளி போர்த்திய மேய்ப்பர்கள் ஆடுகளோடு வருவார்கள். முதலில் ‘துமேலா’ என்று வணக்கம் சொல்லுங்கள், பேசுங்கள், கேட்டபின் எடுங்கள். தூரத்தில் இருந்து டெலி லென்ஸில் திருட்டுத்தனமாக எடுப்பது மரியாதை இல்லை.

பாறை ஓவியங்கள், டிரோன்?

சான் மக்களின் பாறை ஓவியங்கள் பல்லாயிரக்கணக்கில் இங்கே இருக்கின்றன. 2000-இல் இந்த மலை உலக மரபுச் சின்னமானதற்கு அவையும் காரணம். வழிகாட்டியோடு போங்கள். தொடக்கூடாது, நிறம் தெளிவாக வரட்டும் என்று தண்ணீர் தெளிக்கவே கூடாது, ஃபிளாஷ் வேண்டாம். டிரோன் பூங்காக்களுக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாது. தாடிக் கழுகு கூடு கட்டும் பாறைகள் இவை.

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களில் ஸ்டூடியோ, கோயில், கல்யாணம் எல்லாம் இருக்கிறது. பெர்க் மட்டும் ஏன் இல்லை?

1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்து இறக்கியது கடலோரத்தில். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவருக்கு மலை பார்க்கப் போக நேரமும் காசும் இல்லை. பிறகு காசு வந்தபோது சட்டம் தடுத்தது. 1953-இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய விடுதிகளிலும் முகாம்களிலும் நம்மவர் தங்க முடியாது. விடியலையும் அந்தியையும் அங்கே பார்க்கத் தங்கத்தானே வேண்டும்?

ஆகவே தாத்தாவையும் ஆயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். புல்லுக்கு நடுவே, சாய்ந்த வெளிச்சத்தில், அவர்களைச் சிறியதாக வைத்து, மலையைப் பின்னால் விட்டு ஒரு படம் எடுங்கள். அதை அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். பின்பக்கம் தேதியையும் இடத்தையும் எழுதுங்கள்.

வீடு திரும்பியதும் லென்ஸ் உள்ளே ஆவி படிந்துவிட்டது. என்ன செய்வது?

குளிர்ந்த கேமராவை டர்பனின் ஈரக்காற்றில் திறந்ததால் வந்தது. மலையில் இருக்கும்போதே பையின் ஜிப்பை மூடி, முடிந்தால் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். வீடு வந்ததும் ஓரிரு மணி நேரம் திறக்காமல் விட்டால், கேமரா மெல்ல அறைச் சூட்டுக்கு வந்துவிடும், ஈரம் பையின் வெளிப்பக்கத்தில்தான் படியும். மெமரி கார்டை மட்டும் கிளம்பும் முன்பே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்காது.